ஒரு புத்தகத்துக்கு எத்தனை முறை அட்டை எழுதுவது?

வணிகவியல் படிக்கிறவனுக்கு நூலக வரலாற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செலவுக் கணக்கியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் ஒரு பாடத்தை, நூலகத்துறை நூற்றைம்பது வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரே வேலையை ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் தனித்தனியாகச் செய்தால் எவ்வளவு விரயம்? ஒருவர் செய்து மற்றவர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டால் அந்த விலையை எப்படி வைப்பது? வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை யார் தலையில் விழும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிய கதைதான் இந்தக் கட்டுரை.

கதை முடிகிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் ஒரு பெட்டி வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் இருக்கிற பார்கோடை ஸ்கேன் செய்கிறார். அந்த எண்கள் 'ஸ்கிஸ்' என்ற பொதுப் பட்டியலில் தேடப்படுகின்றன. பள்ளிகளுக்கான பட்டியல் தகவல் சேவை என்பதன் சுருக்கப் பெயர் அது. எண் பொருந்தினால் அந்தப் புத்தகத்தின் பதிவு பள்ளியின் கணினிக்கு இறங்கிவிடும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பக்கங்கள், வகைப்பாட்டு எண், எந்தெந்தப் பொருளைப் பற்றிய புத்தகம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். நூலகர் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

சில விநாடிகளில் முடிகிற இந்த வேலைக்குப் பின்னால் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று பார்ப்போம்.

சீட்டுக்கட்டில் தொடங்கியது

புத்தகப் பட்டியலை முதலில் எல்லோரும் நோட்டில்தான் எழுதினார்கள். நோட்டில் ஒரு சிக்கல் உண்டு. அகர வரிசையில் எழுதி முடித்த மறுநாள் புதுப் புத்தகம் ஒன்று வந்தால் அதை எங்கே நுழைப்பது? ஓரத்தில் எழுதலாம், ஒட்டுச்சீட்டு வைக்கலாம். சில வருடங்களில் நோட்டு கந்தலாகிவிடும்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களின் சொத்துக்கள் அரசுடைமை ஆயின. அவற்றோடு ஏராளமான புத்தகங்களும் அரசின் கைக்கு வந்தன. அவற்றைப் பட்டியலிட 1791இல் அரசு உத்தரவு போட்டது. எதில் எழுதுவது? சீட்டாடும் சீட்டுகளில்! அந்தக் காலத்துச் சீட்டுகளுக்குப் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கெட்டியான அட்டை, எங்கும் கிடைக்கும், எல்லாம் ஒரே அளவு. ஒரு புத்தகத்துக்கு ஒரு சீட்டு. நடுவில் புதிதாக ஒன்று வந்தால் இரண்டு சீட்டுகளுக்கு இடையே செருகினால் போதும்.

அட்டைக்கு நிலையான ஓர் அளவும் ஒழுங்கும் வந்தது அமெரிக்காவில். 1876இல் மெல்வில் டூயி தன்னுடைய தசம வகைப்பாட்டை வெளியிட்டார். வெறும் 44 பக்கம், ஆசிரியர் பெயர்கூட அட்டையில் இல்லை. அதே வருடம் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் உருவானது. நூலகங்களுக்கான அட்டைகளும் இழுப்பறைகளும் விற்க டூயி பின்னர் ஒரு நிறுவனமே நடத்தினார். ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் உயரமும் 12.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டைதான் பிறகு உலகமெங்கும் பரவியது.

அட்டையில் எழுதும் கையெழுத்து எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக 'நூலகக் கையெழுத்து' என்று ஒரு தனி எழுத்துமுறையையே நூலகப் பள்ளிகளில் பழக்கினார்கள். அவ்வளவு வேலை இருந்தது எழுதுவதற்கு!

ஏனென்றால் ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை போதாது. ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருள் தலைப்புகளில் ஒன்றோ இரண்டோ, அலமாரி வரிசைக்கு ஒன்று. நான்கைந்து அட்டைகள் ஆகிவிடும். இதை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நூலகமும் தனியாக எழுதிக்கொண்டிருந்தது.

ஜூவெட்டின் 'மண்' கேட்டலாக்

இந்த விரயத்தைக் கண்டு முதலில் தீர்வு சொன்னவர்களில் ஒருவர் சார்ல்ஸ் காஃபின் ஜூவெட். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூலகர். 1850களின் தொடக்கத்தில் அவர் சொன்ன யோசனை இது: ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் ஒரு தனி அச்சுத் தகடாக வார்த்து வைத்துக்கொள்வோம். ஒரு நூலகம் தன் பட்டியலை அச்சிட விரும்பினால், அதனிடம் இருக்கும் புத்தகங்களின் தகடுகளை மட்டும் எடுத்து அடுக்கி அச்சடித்துக் கொடுப்போம். அடுத்த நூலகம் வரும்போது அதே தகடுகள் மறுபடி பயன்படும். ஏற்கெனவே தகடு இல்லாத புத்தகங்களுக்கு மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைய கணினிப் பட்டியலின் முழுத் தத்துவமும் இதில் இருக்கிறது. ஒரு முறை செய், பலமுறை பயன்படுத்து.

ஆனால் தகடு ஒத்துழைக்கவில்லை. உலோகத்துக்குப் பதிலாகக் களிமண் கலந்த ஒரு பொருளில் வார்த்துப் பார்த்தார்கள். அது வளைந்து நெளிந்துபோனது. 'மண் கேட்டலாக்' என்று கேலிப்பெயர் வந்துவிட்டது. போதாததற்கு ஸ்மித்சோனியனின் தலைவர் ஜோசப் ஹென்றிக்கும் ஜூவெட்டுக்கும் மோதல். அந்த நிறுவனம் ஆராய்ச்சிக்கா, நூலகத்துக்கா என்பதுதான் சண்டை. 1855இல் ஜூவெட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். யோசனையும் அவரோடு போனது.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு, எல்லோரும் அவரவர் அட்டையை அவரவரே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1901: அட்டை விற்பனைக்கு வந்தது

ஹெர்பர்ட் புட்னம் 1899இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரானார். 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்' என்று நாம் கேள்விப்படுகிற நூலகம் அதுதான். அங்கே ஏற்கெனவே தங்கள் தேவைக்காக அட்டைகளை அச்சடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அச்சு கோர்த்த பிறகு ஐம்பது அட்டை அடித்தால் என்ன, ஐந்நூறு அட்டை அடித்தால் என்ன? கூடுதலாக ஆவது தாளும் மையும்தான். 1901 அக்டோபர் இறுதியில் புட்னம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: எந்த நூலகம் வேண்டுமானாலும் எங்கள் அட்டைகளை வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் வகுப்பில் இதை நிலையான செலவு, மாறும் செலவு என்று பிரிப்போம். படித்துப் பார்த்து, வகைப்படுத்தி, அச்சுக் கோர்ப்பது நிலையான செலவு. அதை நூலகம் எப்படியும் செய்தாக வேண்டும். கூடுதல் பிரதி எடுப்பது மட்டும் மாறும் செலவு. 1902இல் வந்த சட்டம் விலையையும் சொல்லிவிட்டது. அடக்கச் செலவு, அதன்மேல் பத்து சதவீதம். அவ்வளவுதான். ஊரில் இருக்கும் சின்ன நூலகமும் நாட்டின் மிகச் சிறந்த பட்டியலாளர்கள் செய்த வேலையைச் சில சென்ட்டுகளுக்கு வாங்க முடிந்தது.

இப்போது மூன்றாவது கேள்வி வருகிறது. வேண்டிய அட்டை எது என்று தேடுவது யார்?

இந்தத் துறையை 1901 முதல் 1938 வரை நடத்தியவர் சார்ல்ஸ் ஹேஸ்டிங்ஸ். அவர் காலத்திலேயே ஆர்டர் செய்வதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புத்தகத்தின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு விவரங்களை ஒரு சீட்டில் எழுதி அனுப்புவது. அப்படி அனுப்பினால் வாஷிங்டனில் ஒருவர் உட்கார்ந்து இலட்சக்கணக்கான அட்டைகளில் அது எது என்று தேட வேண்டும். இன்னொன்று, அட்டையின் எண்ணைக் கண்டுபிடித்து அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது. அப்படி அனுப்பினால் நேராகக் கிடங்குக்குப் போய் எடுத்துவிடலாம்.

எண் எழுதி அனுப்பினால் விலை குறைவு. தலைப்பு எழுதி அனுப்பினால் விலை அதிகம்.

இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தேடுவது ஓர் உழைப்பு, அதற்கு ஒரு விலை உண்டு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்ட விலைப்பட்டியல் அது. நீ தேடினால் உனக்குத் தள்ளுபடி, நான் தேடினால் நீ கூலி கொடு.

சரி, வாங்குகிறவர் எண்ணை எங்கே பார்ப்பார்? பல நகரங்களின் பெரிய நூலகங்களில் முழு அட்டைத் தொகுப்பு ஒன்றை வைத்தார்கள். அங்கே போய்ப் பார்க்கலாம். பிறகு பதிப்பாளர்களே அந்த எண்ணைப் புத்தகத்தில் அச்சிட ஆரம்பித்தார்கள். பழைய அமெரிக்கப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால் தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிப்புரிமை விவரத்துக்குக் கீழே 'காங்கிரஸ் நூலக அட்டை எண்' என்று ஆங்கிலத்தில் எழுதி, வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு கோடு, பிறகு சில இலக்கங்கள் இருக்கும். அது வாசகருக்காகப் போட்டது இல்லை. அட்டை ஆர்டர் செய்கிற நூலகருக்காகப் போட்டது.

பள்ளிக்கு வேறு அட்டை

வாஷிங்டன் அட்டைகள் ஆராய்ச்சி நூலகத்துக்காக எழுதப்பட்டவை. பத்து வயதுக் குழந்தைக்கு அதில் பாதி புரியாது. டூயி எண்ணே 1930 முதல்தான் அந்த அட்டைகளில் இடம்பெற்றது. பள்ளிகளும் சிறு நூலகங்களும் பயன்படுத்தியதோ பெரும்பாலும் டூயி முறை.

எனவே பள்ளிகளுக்கென்று தனி வழிகள் உருவாயின. சிறு நூலகங்களுக்குத் தகுந்த எளிய பொருள் தலைப்புகளின் பட்டியலை மின்னி எர்ல் சியர்ஸ் 1923இல் வெளியிட்டார். எச். டபிள்யூ. வில்சன் நிறுவனம் 1938 முதல் பள்ளி நூலகங்களுக்கும் சிறு பொது நூலகங்களுக்கும் ஏற்ற அட்டைகளை அச்சடித்து விற்றது. காங்கிரஸ் நூலகமும் 1960களின் நடுவில் குழந்தை நூல்களுக்கென்று சுருக்கக் குறிப்போடு கூடிய அட்டைகளைத் தயாரிக்க ஆரம்பித்தது.

பொதுவாக ஒன்று செய்து எல்லோருக்கும் கொடுத்தால் செலவு குறையும். ஆனால் அந்த 'எல்லோரும்' ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்த இழுபறி கதை முழுக்க வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையிலிருந்து மின்பதிவுக்கு

1960களில் கணினி வந்தது. ஹென்ரியட் அவ்ரம் நூலகர் அல்ல, கணினி நிரலர். 1965இல் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்தார். அட்டையில் இருப்பதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்பது அவர் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி. மனிதன் அட்டையைப் பார்த்தால் மேலே இருப்பது ஆசிரியர், அடுத்தது தலைப்பு என்று தெரிந்துகொள்வான். கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் ஒட்டவேண்டும். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். இப்படி உருவானதுதான் 'மார்க்' வடிவம். 1966இல் 16 நூலகங்களோடு சோதனை நடந்தது. 1969இல் காந்த நாடாவில் பதிவுகளை அனுப்பும் சேவை தொடங்கியது. உலகத்தின் எத்தனையோ நூலக மென்பொருள்கள் இன்றும் இந்த வடிவத்தில்தான் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன.

ஓஹியோ மாநிலக் கல்லூரிகள் 1967இல் சேர்ந்து 'ஓசிஎல்சி' என்ற அமைப்பைத் தொடங்கின. தலைமை ஃப்ரெட் கில்கூர். 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹியோ பல்கலைக்கழக நூலகம் நேரடிக் கணினித் தொடர்பில் பட்டியலிட ஆரம்பித்தது. ஒரு கல்லூரி எழுதிய பதிவை இன்னொரு கல்லூரி திரையில் தேடி எடுத்து, தனக்கு வேண்டிய அட்டைகளை அச்சடித்து அனுப்பச் சொல்லலாம். ஆமாம், கணினி வந்த பிறகும் அட்டைதான்! ஓசிஎல்சி தன் கடைசி அட்டைகளை அச்சடித்தது 2015 அக்டோபர் 1 அன்று. அதுவரை அச்சடித்தவை ஏறத்தாழ 190 கோடி.

இதே காலத்தில் இன்னொரு துண்டு வேறு திசையிலிருந்து வந்து சேர்ந்தது. பிரிட்டனில் 1960களின் நடுவில் புத்தக வியாபாரிகளுக்குக் கணினியில் சரக்கிருப்பு பார்க்க ஓர் எண் தேவைப்பட்டது. கார்டன் ஃபாஸ்டர் என்ற பேராசிரியர் ஒன்பது இலக்க எண் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். அதுவே 1970இல் பத்து இலக்க சர்வதேசத் தர எண்ணாக, அதாவது ஐஎஸ்பிஎன் ஆக வளர்ந்தது. 2007 ஜனவரி முதல் 13 இலக்கம்.

இந்த எண்ணில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பத்து இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல், இப்படியே கடைசி இலக்கத்தை 1ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 0306406152 என்று ஒரு எண்ணை எடுங்கள். 0, 27, 0, 42, 24, 0, 24, 3, 10, 2. கூட்டினால் 132. அதாவது 12 தடவை 11. எழுதுகிறவர் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினாலோ, இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டாலோ கணக்கு உதைக்கும். தவறான அட்டைக்கு ஆர்டர் போவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

வியாபாரிக்காகப் பிறந்த எண், நூலகருக்குத் தேடல் கூலியை மிச்சமாக்கிக் கொடுத்தது. ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நூலகர் அட்டை எண்ணைத் தேடி அலைய வேண்டும். இப்போது எண் புத்தகத்தின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஆஸ்திரேலியா, 1984

இனி முதலில் சொன்ன ஆஸ்திரேலியப் பள்ளிக்கு வருவோம். அங்கே பள்ளி நூலகங்கள் ஒரு காலத்தில் மிக மோசமான நிலையில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஃபென்விக் 1964இல் சுற்றிப்பார்த்து எழுதிய அறிக்கை 1966இல் வெளியானது. அது நாட்டையே கொஞ்சம் உலுக்கியது. 1969 முதல் மத்திய அரசு உயர்நிலைப் பள்ளி நூலகங்களுக்குப் பணம் கொடுத்தது. 1973இல் வந்த கார்மெல் அறிக்கைக்குப் பிறகு தொடக்கப்பள்ளிகளுக்கும் பணம் வந்தது.

பணம் வந்தால் புத்தகம் வரும். புத்தகம் வந்தால்? அட்டை எழுத வேண்டும்! கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. ஒரே குழந்தைக் கதைப் புத்தகத்தை ஒவ்வொரு மாநிலமும், பல இடங்களில் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகப் பட்டியலிட்டன.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இது என்னுடைய கற்பனைக் கணக்கு, புள்ளிவிவரம் அல்ல. ஒரு புத்தகத்தை 1,000 பள்ளிகள் வாங்குகின்றன. பட்டியலிட்டு அட்டை தட்டச்சு செய்ய அரை மணி நேரம். மொத்தம் 500 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றால் 62 நாளுக்கு மேல். ஒரே ஒரு புத்தகத்துக்கு!

இந்த இரட்டிப்பு வேலையை ஒழிக்கத்தான் 1984இல் 'ஆஸ்கிஸ்' தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பள்ளிகள் பட்டியல் தகவல் சேவை என்பது முழுப்பெயர். மாநிலங்கள் சேர்ந்து நடத்திய தேசியத் திட்டம். பெயரில் இருந்த 'ஆஸ்திரேலிய' என்ற முதல் எழுத்து பிறகு உதிர்ந்து 'ஸ்கிஸ்' ஆனது. 2010 முதல் எஜுகேஷன் சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. நியூசிலாந்துப் பள்ளிகளும் இதைப் பயன்படுத்துகின்றன.

தொடங்கிய காலத்தில் பள்ளியில் இணையம் கிடையாது, பல பள்ளிகளில் கணினியே கிடையாது. எப்படித் தேடுவது? மைக்ரோஃபிஷ். உள்ளங்கை அளவு பிலிம் தாள் ஒன்றில் நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சிறிதாக்கிப் படம் பிடித்திருப்பார்கள். விளக்கு வைத்த பெட்டிக்குள் செருகினால் திரையில் பெரிதாகத் தெரியும். பள்ளி நூலகர் அதில் தலைப்பைத் தேடி, பதிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்களை ஆர்டராக அனுப்புவார். அட்டைகளோ கணினிக்கான பதிவுகளோ திரும்பி வரும். ஹேஸ்டிங்ஸின் அதே முறைதான்! பெரிய நகரத்து நூலகத்தில் இருந்த முழு அட்டைத் தொகுப்பு, பிலிமாகச் சுருங்கிப் பள்ளிக்கே வந்துவிட்டது என்பதுதான் வித்தியாசம்.

பிறகு பிலிம் போய் இணையம் வந்தது. ஆனால் தேடுகிற வேலை மறைந்துவிட்டதா என்றால், இல்லை. பள்ளி நூலகத்தில் இருப்பது புத்தகம் மட்டும் இல்லை. ஒளிப்பட வட்டு, வரைபடம், விளையாட்டுப் பெட்டி, இணையதளம் எல்லாம் உண்டு. அதனால்தான் அங்கே 'புத்தகம்' என்று சொல்லாமல் 'வளங்கள்' என்று சொல்கிறார்கள். பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன் இருக்காது. ஒரே கதைக்குப் படம் போட்ட பதிப்பு, சுருக்கப் பதிப்பு, மறுபதிப்பு என்று நான்கு பதிவுகள் வரும். கையில் இருப்பது எது என்று ஒரு மனிதர்தான் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எதுவும் பொருந்தவில்லை என்றால் பட்டியலிட்டுத் தரும்படி கேட்கலாம். அப்போது யாரோ ஒருவர் முதல்முறையாக அந்தப் பதிவை எழுதுகிறார். மற்ற எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பெயர் வைப்பது யார்?

இதுவரை எல்லாம் இலாபக் கணக்கு. இனி செலவுப் பக்கம். ஒருவர் எழுதி ஆயிரம் பேர் வாங்கும்போது, அந்த ஒருவர் வைத்த பெயர்தான் ஆயிரம் இடத்திலும் நிற்கும்.

டூயி வகைப்பாட்டில் இலக்கியத்துக்கு 800கள். அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, ஜெர்மன் 830, பிரெஞ்சு 840 என்று ஆளுக்குப் பத்து எண். மீதி உலகத்து மொழிகள் எல்லாம் 890இல் 'பிற மொழிகள்' என்று ஒரு கூடைக்குள். இரண்டாயிரம் வருடப் பழைமையுள்ள தமிழ் இலக்கியத்தின் எண் என்ன தெரியுமா? 894.811. புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் போனால்தான் நாம் வருவோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் வகைப்பாடு என்று வேறொரு முறையை வெளியிட்டார். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து 1924இல் நூலகத்துக்கு வந்தவர். புத்தகம் வெளியாவதற்கு முன்பே பட்டியல் வேலையை முடித்துவிட வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1971இல் காங்கிரஸ் நூலகம் அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பட்டியல் விவரம் புத்தகத்துக்குள்ளேயே அச்சாகி வருவது அதனால்தான்.

பொருள் தலைப்புகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. சமையல் புத்தகத்துக்குக் காங்கிரஸ் நூலகம் வைத்திருந்த ஆங்கிலத் தலைப்பு பேச்சு வழக்கில் இல்லாத பழைய சொல். 2010இல்தான் மாற்றினார்கள். அதுவரை சாதாரணச் சொல்லைப் போட்டுத் தேடிய சிறுவன் வேறெங்கோ திருப்பிவிடப்பட்டிருப்பான். இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ஒன்று. அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவர்களை 'சட்டவிரோத அந்நியர்கள்' என்று குறிக்கும் தலைப்பு ஒன்று இருந்தது. டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் இதை எதிர்த்தார்கள். கவனியுங்கள், மாணவர்கள்! தங்கள் கல்லூரி நூலகத்தில் தேடும்போது கண்ணில் பட்ட சொல்லை எதிர்த்தார்கள். கல்லூரி நூலகம் தனியாக மாற்றுவதால் மட்டும் பயனில்லை, பதிவு வருவது வாஷிங்டனிலிருந்து. 2016இல் காங்கிரஸ் நூலகம் மாற்றுவதாக அறிவித்தது. அரசியல்வாதிகள் குறுக்கே வந்தார்கள். கடைசியில் 2021இல்தான் மாறியது. ஒரு சொல்லை மாற்ற ஏழு வருடம். ஆனால் மாறிய அன்று, அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தும் நூலகங்கள் எல்லாவற்றுக்கும் புதுத் தலைப்பு தயாராக இருந்தது. ஒரே இடத்தில் எழுதுவதன் தீமையும் நன்மையும் ஒரே சம்பவத்தில் தெரிகிறது பாருங்கள்.

ஸ்கிஸ் பள்ளிகளுக்கென்று தனியாகப் பொருள் தலைப்புப் பட்டியல் வைத்திருப்பதன் அருமை இங்கேதான் புரியும். குழந்தை தேடும் சொல்லும் பேராசிரியர் தேடும் சொல்லும் ஒன்றல்ல.

மிச்சமான நேரம் எங்கே போனது?

செலவுக் கணக்கியலில் சேமிப்பு என்று காட்டினால் அடுத்த கேள்வி வரும்: சேமித்ததை என்ன செய்தாய்? அட்டை எழுதும் நேரம் மிச்சமானால் நூலகர் குழந்தைகளோடு உட்காரலாம், எந்தப் புத்தகம் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம் என்பதுதான் இந்தத் திட்டங்களின் நோக்கம்.

ஆனால் 2011 மே மாதம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று பள்ளி நூலகங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் கவலையே வேறு. தகுதிபெற்ற ஆசிரிய-நூலகர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது அது. இதற்குக் காரணங்கள் பல. பட்டியல் சேவைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிர்வாகம் பார்க்கிறவர் எப்படி யோசிப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி யோசிக்கத்தான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். வேலை குறைந்தால் ஆளைக் குறை. அட்டை எழுதுவதுதான் நூலகரின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அட்டை தானாக வரும் நாளில் நூலகர் தேவையில்லை என்றுதான் கணக்கு சொல்லும்.

கணக்கு தப்பில்லை, எழுதிய தலைப்பு தப்பு. ஜூவெட் தகடு வார்த்ததும், ஹேஸ்டிங்ஸ் எண்ணுக்குத் தள்ளுபடி கொடுத்ததும், ஆஸ்கிஸ் பிலிம் அனுப்பியதும் நூலகரை வீட்டுக்கு அனுப்புவதற்காக இல்லை. ஒரு புத்தகத்தை ஒரு முறை மட்டும் விவரித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் அதைப் படிக்கப்போகிறவரோடு செலவழிப்பதற்காக.

அடுத்த முறை நூலகத்துக்குப் போனால், எடுக்கிற புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் அந்தச் சின்ன எழுத்து விவரங்களை நம்மில் யாரும் படிப்பதில்லை. அதை யாரோ ஒருவர் ஒரு முறை எழுதியிருக்கிறார். நம் எல்லோருக்குமாக.